ஏழு செயலிகள் மாறியும் நகராத ஒரு வரி

வந்த கடிதம் நீளமானது. சாரத்தை மட்டும் தருகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுதியவருக்கு வயது 41. குரோம்பேட்டையில் குடியிருக்கிறார். நுங்கம்பாக்கத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்காளர். வீட்டில் கணவர், பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடும் மாமியார். மாமனார் ஒன்றரை ஆண்டுக்கு முன் காலமானார். கரண்ட் பில், சொத்து வரி, வங்கி என்று வெளிவேலைகளை அதுவரை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறகு அத்தனையும் சத்தமில்லாமல் இவரிடம் வந்து சேர்ந்தன. கட்டணம் கட்ட மறந்து மின் இணைப்பு துண்டிக்கப்பட்ட நாளில்தான் முதல் செயலியைத் தரவிறக்கினார்.

பதினான்கு மாதங்களில் ஏழு செயலிகள் மாறிவிட்டன. வண்ணச் சீட்டு ஒட்டுவது ஒன்று, அட்டைகளை இடமிருந்து வலமாக நகர்த்துவது ஒன்று, 25 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிப்பது ஒன்று. “முதல் பத்து நாள் எனக்குப் புது வாழ்க்கை கிடைத்ததுபோல் இருக்கிறது. பதினைந்தாம் நாள் அதைத் திறக்கவே பயமாக இருக்கிறது” என்கிறார். கணவர் சொல்வது: “அதில் தட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் வேலையையே முடித்திருக்கலாம்.” கேள்விகள் மூன்று: எனக்குப் பொருத்தமான செயலி எது? இணையத்தில் எடுத்த ஒரு தேர்வு எனக்கு ஏ.டி.எச்.டி. (கவனக் குறைபாட்டுக் கோளாறு) என்கிறது, உண்மையா? வேலையை விட்டுவிடலாமா? கடைசியில், வேறு யாருக்கோ நடந்ததுபோல இரண்டு விஷயங்களைச் சொல்கிறார். நீக்கிவிட்ட ஒரு செயலி ஆண்டுச் சந்தாவாக மூவாயிரத்துச் சொச்சம் ரூபாயை எடுத்துக்கொண்டுவிட்டது. இன்னொன்றில் குடும்பத்தின் ஆதார் எண்களோடு, அலுவலக வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி கடவுச்சொற்களும் இருக்கின்றன.

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தோடு ஒரு நாளின் பட்டியலைப் படம்பிடித்து அனுப்பியிருந்தீர்கள். கடிதத்தைவிட அது எனக்கு அதிகம் சொன்னது. பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். மொத்தம் 23 வேலைகள். உங்களுடையவை ஒன்பது. ஐந்து உங்கள் கணவருடையவை. அவர் வண்டியின் காப்பீட்டைப் புதுப்பிப்பதும் அவர் வங்கிக் கணக்கின் கேஒய்சியும்கூட உங்கள் பட்டியலில் இருக்கின்றன. நான்கு மகனுடையவை. ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போடுவதைப் பத்தாம் வகுப்புப் பையன் தானே செய்யலாம். மூன்று, அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் “நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும்” என்று உங்களிடம் தள்ளியவை. மீதி இரண்டு வேலைகளே அல்ல, வெறும் சொற்கள்: ‘உடம்பு’, ‘வீடு’.

இத்தனை நாளும் உங்கள் மறதிக்கு மருந்து தேடியிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் நான் மறதியைப் பார்க்கவில்லை. யாரும் முடிவு செய்யாத விஷயங்களும் யாரோ செய்ய வேண்டிய விஷயங்களும் உங்கள் பெயரில் பதிவாகியிருப்பதைத்தான் பார்த்தேன். நீங்கள் எழுதிக் கொடுப்பதைச் செயலி பத்திரமாக வைத்துக்கொள்ளும், நேரத்துக்கு மணியும் அடிக்கும். ‘இது ஏன் உன்னிடம் வந்தது?’ என்று மட்டும் கேட்காது.

‘வீடு’ என்ற அந்த ஒரு வரி

இதில் சற்று நிற்க விரும்புகிறேன். இந்த வரியை முதல் செயலியிலேயே எழுதியதாகவும், ஒவ்வொரு முறை மாறும்போதும் தவறாமல் எடுத்துப் போவதாகவும் சொல்கிறீர்கள். ஆறு முறை குடிபெயர்ந்திருக்கிறது. ஒருமுறைகூட ‘முடிந்தது’ என்று குறிக்கப்படவில்லை. அது என்ன வேலை என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: மாமனார் பெயரிலுள்ள வீட்டின் பட்டாவை மாற்ற வேண்டும், கொழுந்தனார் பெங்களூரில் இருக்கிறார், “அந்தப் பேச்சை யார் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.”

முதல் படி எளிதானது. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தாசில்தார் அலுவலகம் விசாரித்துக் கொடுக்கும். மாமனார் உயில் எழுதாமல் போயிருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொந்தச் சொத்தில் மாமியாருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, சம பங்கு உண்டு. எந்த வாரிசையும் விட்டுவிட்டு இதை நகர்த்த முடியாது. ஆக, உங்களைத் தடுத்து வைத்திருப்பது மறதியும் இல்லை, சோம்பலும் இல்லை. ஒரு தொலைபேசிப் பேச்சு நடக்கவில்லை, அவ்வளவுதான். அதைப் பேச வேண்டியவர் மூத்த மகனான உங்கள் கணவர். அப்பா போன வீட்டில் பங்கைப் பற்றி வாயெடுப்பது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். அந்தச் சங்கடத்தை மருமகளின் கைப்பேசிக்குள் போட்டு வைத்தால் யாருக்கும் உறுத்தாது. உங்களுக்கு மட்டும் தினமும் காலையில் உறுத்துகிறது.

இப்படி முடிவாகாமல் கிடக்கும் விஷயம் மனத்தை ஏன் அரிக்கிறது என்பதை உளவியலில் ஆராய்ந்திருக்கிறார்கள். 2011-இல் மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்த ஒன்று. முடிக்காத காரியம் ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தவர்களின் கவனம் சிதறியது. அதே காரியத்தை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாக முடிவு செய்துவிட்டு உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சிதறல் அடங்கியது. காரியம் அப்போதும் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். முடிவெடுத்ததே மனத்துக்குப் போதுமானதாக இருந்தது.

ஆகவே ‘வீடு’ என்பதை அடித்துவிட்டு, ‘ஞாயிறு காலை சாப்பிட்டபின் அவர் தம்பிக்குப் போன் செய்வார்’ என்று எழுதுங்கள். எழுதும் முன் கணவரிடம் கேளுங்கள். அவர் மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். அந்த வரியை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ‘உடம்பு’ என்பதையும் இப்படியே பிரிக்க வேண்டும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கணவர் சொன்னதில் பாதி உண்மை

தாம்பரம்–கடற்கரை ரயிலில் பல்லாவரம் தாண்டி உட்கார இடம் கிடைத்ததும் செயலியைத் திறந்து, கோடம்பாக்கம் வரும்வரை வண்ணங்களை மாற்றிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்படுகிறீர்கள். வேண்டாம். அந்த அரைமணி நேரத்தில் உங்களை யாரும் கூப்பிடுவதில்லை. அடுக்கி வைத்தால் அடுக்கியபடியே நிற்கும் ஓர் இடம் உங்களுக்கு அங்கேதான் கிடைக்கிறது. சிலர் கோலப் புத்தகம் புரட்டுவார்கள், நீங்கள் பட்டியலுக்கு வண்ணம் பூசுகிறீர்கள். அதை உங்களிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை. அதை வேலைக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள். பொழுதுபோக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், குற்ற உணர்வு குறையும்.

அடுத்தது, “எனக்கு ஒழுக்கம் இல்லை” என்கிறீர்கள். மாதம் தவறாமல் 7-ஆம் தேதி டிடிஎஸ் என்ற பிடித்த வரி, 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்ற ஜிஎஸ்டி படிவங்கள் என்று பத்துப் பன்னிரண்டு வாடிக்கையாளர்களுக்குக் கெடு தவறாமல் தாக்கல் செய்கிறவர் நீங்கள். ஒழுக்கம் இல்லாதவரால் அது முடியாது. அங்கே முடிவதற்குக் காரணம், கெடுவை வேறு யாரோ தெளிவாக நிர்ணயித்திருக்கிறார்கள், எந்த வேலை யாருடையது என்பதும் எழுதியிருக்கிறது. வீட்டில் இந்த இரண்டுமே இல்லை.

அந்த 25 நிமிட மணி முறையும் அப்படித்தான். 1980-களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு தனக்காக உருவாக்கியது. தனியாக உட்கார்ந்து படிக்கும் மாணவருக்கு அது அருமையான வழி. குக்கர் விசில், மாமியாரின் சாப்பாட்டுக்கு முந்தைய மாத்திரை, மகனின் சந்தேகம் எல்லாம் ஒன்றாக வரும் மாலை ஏழு மணிக்கு அது தோற்றால், தோற்றது நீங்களில்லை. அட்டை நகர்த்தும் பலகைக்கும் மூலம் டொயோட்டா தொழிற்சாலையின் கான்பான் முறை. அங்கே ஓர் அட்டை நகர்ந்தால் அடுத்த ஆள் எடுத்துச் செய்வார். உங்கள் பலகையில் எல்லாக் கட்டங்களிலும் நிற்பது நீங்கள் ஒருவரே.

ஒரு நாளைக்கு 23 என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணிப்பதில் மனிதர்கள் பொதுவாகவே மோசம். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எடுத்துக்கொண்டது 55 நாளுக்கும் மேல். எல்லாமே தவறாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். சொன்ன அந்தக் கணக்கையும் தாண்டிவிட்டது. நீங்கள் காலையில் எழுதும் 23 வேலைகள் மாலைக்குள் முடியாது. முடியாத பட்டியலைப் பதினைந்து நாள் தொடர்ந்து பார்த்தால் யாருக்கும் திறக்கப் பயமாகத்தான் இருக்கும்.

ஏ.டி.எச்.டி. பற்றி

இணையத் தேர்வு நோயைக் கண்டறியாது. அதிகபட்சம், மருத்துவரைப் பார்க்கலாமா என்று யோசிக்க வைக்கும். மனநல மருத்துவர்கள் பின்பற்றும் வரையறைப்படி, பெரியவர்களுக்கு இதைக் கண்டறிய வேண்டுமானால் சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அவை வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரியவும் வேண்டும். பள்ளியில் பொருளைத் தொலைத்ததில்லை, வீட்டுப்பாடம் விட்டதில்லை, சிக்கல் மாமனார் இறந்த பிறகுதான் என்கிறீர்கள். அதை வைத்துப் பார்த்தால் வாய்ப்புக் குறைவு என்று தோன்றுகிறது. ஆனால் கடிதத்தை வைத்து இல்லை என்றும் நான் எழுதித்தர முடியாது. நன்றாகப் படித்த பெண்களிடம் இது கவனிக்கப்படாமலே போவதும் உண்டு. சந்தேகம் நீடித்தால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். செலவு யோசனையாக இருந்தால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

அதற்கு முன் ‘உடம்பு’ என்ற வரியைப் பிரிக்கலாம். இரவு பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்துக்கு எழுகிறீர்கள். முடி கொட்டுகிறது, காலையில் கை கால் அசதி என்றும் ஒரு வாக்கியம் இருக்கிறது. தைராய்டு குறைந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் தூக்கம் போதாவிட்டாலும் மறதியும் மந்தமும் வரும். குடும்ப மருத்துவரிடம் சொல்லி தைராய்டுக்கான டிஎஸ்எச், ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். பட்டியலில் ‘சனிக்கிழமை காலை, இரத்தப் பரிசோதனை’ என்று இருக்கட்டும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். மாமனாரைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும் உங்கள் கையெழுத்து மாறுகிறது. அவர் போன துக்கத்தை யாரிடமாவது பேசினீர்களா? அவர் செய்த வேலைகளைப் பங்கு போட்ட வேகத்தில் அது விட்டுப்போயிருக்கலாம்.

பணமும் கடவுச்சொற்களும்

இங்கே சில தவறான நம்பிக்கைகளைத் திருத்த வேண்டும். கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நிற்காது, கணக்கும் அழியாது. சந்தாவைப் பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதியிலோ, யூபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியிலோ போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். அட்டையிலிருந்தோ யூபிஐயிலிருந்தோ இப்படித் தொடர்ந்து பணம் எடுப்பதென்றால், எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும், வேண்டாமென்று மறுக்க வழியும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குறுஞ்செய்திகளைத் தேடிப் பாருங்கள். வந்து நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால், செயலி நிறுவனத்திடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். தகவலே வரவில்லை என்றால் வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரத்து செய்யும் பொத்தானை வேண்டுமென்றே ஒளித்து வைத்திருந்தார்கள் என்றால் அதற்குச் ‘சந்தாப் பொறி’ என்றே பெயருண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 தந்திரங்களில் அதுவும் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடவுச்சொற்கள் விஷயத்தில் சற்றுக் கண்டிப்பாகப் பேசப் போகிறேன். உங்களுடைய ஆதார் எண் உங்கள் கவலை. வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி கடவுச்சொல்லை உங்கள் சொந்தச் செயலியில் வைத்திருப்பது அப்படியில்லை. வாடிக்கையாளர் ரகசியத்தைக் காப்பது 1949-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே பட்டயக் கணக்காளரின் கடமை. கசிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் ஆடிட்டர், கேள்வி கேட்கப்படுபவர் நீங்கள். அதிலும், கணவர் பார்ப்பதற்காக அந்தப் பக்கத்தை ‘இணைப்பு உள்ளவர் யாரும் பார்க்கலாம்’ என்று திறந்து வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கே வயிற்றைப் பிசைந்தது. இன்றே அந்தப் பகிர்வை மூடுங்கள். கடவுச்சொற்களை வேறிடத்துக்கு மாற்றி, அங்கிருப்பதை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். பிறகு ஆடிட்டரிடம் நீங்களாகவே சொல்லி அந்தக் கடவுச்சொற்களை மாற்றச் சொல்லுங்கள். திட்டுவார். மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்துகொண்டால் இன்னும் அதிகமாகத் திட்டுவார்.

மற்ற ஆறு செயலிகளிலும் உள்ளே போய், தகவலைத் தரவிறக்கிக்கொண்டு, கணக்கை நீக்குங்கள். ஒரே நாளில் வேண்டாம், வாரம் ஒன்று போதும். அந்த ரயில் அரைமணிக்கு நல்ல வேலை.

எந்தச் செயலி?

எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற உங்கள் ஆசையைத்தான் முதலில் விட வேண்டும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு கருவி பல ஆண்டாகத் தவறாமல் வேலை செய்கிறது. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கணக்கில் சேர்க்கவில்லை. சமையலறைச் சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர். சிலிண்டர் மாற்றிய தேதியை மாமியார் அதில் பால்பாயின்ட் பேனாவால் எழுதுகிறார். பால்காரர் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. சிலிண்டர் தீர்ந்து நீங்கள் தவித்ததே இல்லை. காரணம் தெளிவு: காரியம் நடக்கும் இடத்திலேயே அது தொங்குகிறது, எல்லோர் கண்ணிலும் படுகிறது, எழுதுவது உங்கள் ஒருவர் கை அல்ல.

மின்கட்டணம், மாமியாரின் கண் பரிசோதனை, மகனின் தேர்வு மூன்றையும் அந்தக் காலண்டருக்கே மாற்றுங்கள். கட்டணத் தேதிக்குப் பக்கத்தில் கணவர் பெயரின் முதலெழுத்து இருக்கட்டும். நேரம் குறித்த வேலைகளுக்குக் கைப்பேசியோடு வரும் நாள்காட்டி போதும். அதைக் கணவரோடு பகிர்ந்துகொள்ளலாம். திடீரென்று தோன்றுவதைக் குறிக்க ஒரு சின்ன நோட்டு, அல்லது உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் வாட்ஸ்அப் செய்தி. அலுவலக வேலை அலுவலகக் கணினியிலேயே இருக்கட்டும்.

எட்டாவதாக ஒன்றை முயன்றே தீருவேன் என்றால் தடுக்க மாட்டேன். பணம் கட்டாமல், 7, 11, 20 மூன்று தேதிகளும் அடங்கிய ஒரு முழு மாதம் பயன்படுத்துங்கள். பத்து நாளில் எந்தச் செயலியும் அழகாகத்தான் தெரியும். எழுதியதை வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். வுண்டர்லிஸ்ட் என்ற பிரபலமான செயலியை 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2020 மே மாதம் மூடியது. எவர்நோட் என்ற குறிப்பெழுதும் செயலி 2023 கடைசியில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள்தான் என்று வரம்பு வைத்தது. நாளை உங்களுடையதும் மாறலாம். நாளொன்றுக்கு ஐந்துக்கு மேல் எழுத வேண்டாம். உங்கள் பெயரில் இல்லாத வேலை ஆறாவதாகக்கூட வரக்கூடாது.

வேலையை விடுவது

பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது இந்தக் கேள்விக்குப் பதில் தேடாதீர்கள், அதுவும் வரித் தணிக்கைக் கெடுவான செப்டம்பர் 30 நெருங்கும் வாரங்களில். மூச்சுவிட இடம் கிடைத்த பிறகும் தோன்றினால் யோசிக்கலாம். எனக்குள்ள அச்சம் ஒன்று: நீங்கள் வீட்டிலிருந்தால் அந்த 23 வேலைகள் 40 ஆகும். இப்போது “நான் ஆபீசில் இருக்கிறேன்” என்று சொல்லவாவது முடிகிறது. முதலில் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை விடுப்போ, அரைமணி முன்னதாகக் கிளம்புவதோ கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இத்தனை ஆண்டு கெடு தவறாத கணக்காளரை எந்த ஆடிட்டரும் எளிதில் இழக்க விரும்ப மாட்டார்.

இந்த வாரத்துக்கு மூன்று போதும்: திறந்து கிடக்கும் பக்கத்தை மூடுவது, சனிக்கிழமை இரத்தப் பரிசோதனை, ஞாயிறு காலை அந்தப் போன். எப்படிப் போயிற்று என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த 20-ஆம் தேதி கழிந்த பிறகு எழுதினால் போதும். அதற்கு முன் எழுதினால் அதுவும் உங்கள் பட்டியலில் இருபத்து நான்காவதாக ஏறிவிடும்.